சாண எரிவாயு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு மாடுகள் இருக்கின்றன. பகலில் மேய்ச்சல், இரவில் கொட்டகை. வீட்டுக்கு மாதம் ஒரு சிலிண்டர் ஆகிறது. சாண எரிவாயுக் கலன் 1 கன மீட்டருக்கு 45,000 ரூபாய், 2 கன மீட்டருக்கு 70,000 ரூபாய் என்கிறார்கள். பெரியதே லாபம் என்கிறார் கட்டித் தருபவர். போட்ட பணம் எப்போது திரும்பும்?
– தாராபுரம் வாசகர்

பதில்: பெரியது அவருக்கு லாபம். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். மேயப் போகிற மாடு என்றால் அதில் பாதி காட்டோடு போய்விடும். உங்கள் கைக்கு வருவது 20–25 கிலோதான். நாளைக்கு 1 கன மீட்டர் வாயு வரவே 25 கிலோ வேண்டும். இதே சாணத்தைப் பெரிய கலனில் கரைத்து ஊற்றினாலும் வாயு பெரிதாக அதிகரிக்காது.

1 கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் மாதம் 820 ரூபாய் மிச்சம். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கழித்தால் சின்னக் கலனின் பணம் ஐந்து ஆண்டில் திரும்பும், பெரியதற்கு எட்டு ஆண்டு ஆகும். மானியம் சேர்க்காத கணக்கு இது.

கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியின் (வாயு போக மிஞ்சும் சாணக் கூழ்) முழு மதிப்பையும் வருமானத்தில் சேர்த்துக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். அந்தச் சாணம் இதுவரையும் குப்பைக்குழிக்குத்தானே போனது? தழைச்சத்து இழப்பு குறையும், களை விதை குறையும். கூடுதல் லாபம் அவ்வளவுதான். வறட்டி தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது புது எரு.

மார்கழி, தைக் குளிரில் வாயு குறையும், சிலிண்டர் இணைப்பை விட்டுவிட வேண்டாம். சாண எரிவாயுவுக்கென்று உள்ள அடுப்பையே வாங்குங்கள். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குச் சிறியது. குழாயில் தண்ணீர் தேங்கினால் தீ துடித்துத் துடித்து எரியும். குழாயின் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு ஒன்று வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் தினமும் 50 கிலோ உணவுக்கழிவு. கலன் வைத்த புதிதில் நன்றாக எரிந்தது. இப்போது புளிச்ச வாடை, அடுப்பு பற்றவே இல்லை.
– கோவை வாசகர்

பதில்: கலன் புளித்துவிட்டது. சோறும் குழம்பும் வேகமாக அமிலமாகும். அதை எரியும் வாயுவான மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். ஆரம்பத்திலேயே முழு அளவு கொட்டினால் இப்படித்தான் ஆகும். ஐந்தாறு நாள் எதுவும் போடாதீர்கள். புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் தாள் வாங்கிப் பாருங்கள், 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, புதுச் சாணக் கரைசலும் சேருங்கள். 7-ஐ ஒட்டி வந்ததும் 10 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு 10 கிலோ கூட்டுங்கள். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, வாழை இலை வேண்டாம். மற்றதை அரைத்துப் போடுங்கள். ஃபினாயில், சோப்புத் தண்ணீர் கலந்தால் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

சீரானால் 50 கிலோவுக்குச் சுமார் 5 கன மீட்டர் வாயு வரும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஒன்பது நாளுக்கு ஒருமுறை மிச்சமாகும். வீட்டு சிலிண்டரைவிட வணிக சிலிண்டர் விலை அதிகம் என்பதால் உங்களுக்குப் பணம் சீக்கிரமே திரும்பும்.

கேள்வி: வீட்டுக் கலனில் மின்சாரம் எடுக்கலாமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: எடுக்கலாம், கட்டாது. சிறிய ஜெனரேட்டரில் 1 கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைத்தாலே அதிகம். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்ஜினை அரிக்கும். இரும்புத்தூள் வடிகட்டி வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டிவரும். அடுப்பில் எரியுங்கள்.