அண்ணனுக்காக நான்காவது கையெழுத்து, எனக்கு எம்பிஏ: எது முதலில்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 28. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வைட்ஃபீல்டில் ஐடி வேலை, கைக்கு வருவது 92,000. இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட எம்பிஏவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வரும் 2026 செப்டம்பரில் சேர வேண்டும். கட்டணம் 27,000 பவுண்டு. எஃப்டி, மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் சேர்த்துக் கையில் 11 லட்சம் உண்டு, மாதம் 35,000 எஸ்ஐபி போகிறது. மீதிக்கு 40 லட்சம் கல்விக் கடன். ஒரு என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) அடமானம் இல்லாமல் 12.5 சதவீதத்துக்குத் தரத் தயார். அப்பாவின் வீட்டை அடமானம் வைத்தால் வங்கியில் வட்டி குறையுமா? வீடு பி கட்டா, அதாவது மாநகராட்சியின் முறையான அனுமதி முழுதாக இல்லாத சொத்துகளுக்கான பதிவில் இருக்கிறது. சம்பாதிக்கிற கோ-அப்ளிகன்ட் (கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடுபவர்) வேண்டும் என்கிறார்கள். அப்பா ரிட்டயர் ஆனவர். ஓசூரில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அவர் கடைக்காக 2022 ஜூனில் என் பெயரில் எடுத்த பர்சனல் லோன் ஒன்று ஓடுகிறது, இஎம்ஐ 25,900. நான் போன பிறகு அதை அண்ணன் கட்டுவார். என்னிடம் சம்பளச் சீட்டு இருக்கும்போதே அதன்மேல் இன்னொரு 5 லட்சம் டாப்-அப் (ஓடும் கடனோடு சேரும் கூடுதல் கடன்) எடுத்துத் தரச் சொல்கிறார், இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காக வருகிறார். என் இன்ஜினியரிங் படிப்புக்கு இரண்டு வருடம் ஃபீஸ் கட்டியது அவர்தான் என்று அம்மா சொல்கிறார். ஆபீஸ் தோழி ஒருத்தி, பவுண்டு விலை ஏறினால் ஈடுகட்ட 11 லட்சத்தையும் வெளிநாட்டுப் பங்கு ஃபண்டில் போடச் சொல்கிறாள். எந்தக் கடன் நல்லது? லோன் ஸ்டேட்மென்ட் இணைத்திருக்கிறேன்.

பதில்: எந்தக் கல்விக் கடன் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, இணைத்து அனுப்பிய ஸ்டேட்மென்ட்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. அதை இரண்டு முறை படித்தேன்.

2022 ஜூனில் 6 லட்சம், வட்டி 14.5 சதவீதம், ஐந்து வருடத் தவணை, இஎம்ஐ 14,100. பதினாறு மாதம் கழித்து, 2023 அக்டோபரில், பாக்கி 4.8 லட்சமாகக் குறைந்திருந்தபோது ஒரு டாப்-அப். கடன் 8.5 லட்சம், இஎம்ஐ 20,000. 2025 ஏப்ரலில், பாக்கி ஆறரை லட்சத்துக்கு இறங்கியதும் அடுத்த டாப்-அப். கடன் 11 லட்சம், இஎம்ஐ 25,900. இன்றைய பாக்கி ஒன்பதே முக்கால் லட்சம். நீங்கள் நான்காவது என்று எண்ணாவிட்டாலும், முதல் கடனோடு சேர்த்து அண்ணனுக்காகப் போடப்போகும் நான்காவது கையெழுத்து இது.

ஒவ்வொரு டாப்-அப்பிலும் ஐந்து வருடம் புதிதாக ஆரம்பிக்கிறது. 44 மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். 2027இல் முடிந்திருக்க வேண்டிய கடன் இப்போது 2030 ஏப்ரலில் முடியும். ஞாயிற்றுக்கிழமை 5 லட்சம் எடுத்தால் 2031. அண்ணன் கைக்குப் போனது 14 லட்சம் சொச்சம். இதுவரை கட்டியது எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் உங்கள் கணக்கில் அண்ணன் போட்டது மொத்தமே 1.8 லட்சம், அதுவும் முதல் வருடத்தில். வட்டிக்கு மட்டும் 4 லட்சம் கரைந்திருக்கிறது. "நான் போன பிறகு அண்ணன் கட்டுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே, ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணத்தில் நீங்கள் இருக்கும்போதே கட்டாதவர், நீங்கள் கடல் தாண்டிப் போன பிறகு மாதம் 25,900 எப்படிக் கட்டுவார்? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கடையில் அவ்வளவு லாபம் வரவில்லை. வந்திருந்தால் டாப்-அப்பே தேவைப்பட்டிருக்காது.

இனி எம்பிஏவை இதன்மேல் ஏற்றிப் பார்ப்போம். பவுண்டை 120 ரூபாய் என்று உருண்டையாக வைத்துக்கொள்கிறேன். கட்டணம் 32.4 லட்சம். லண்டனுக்கு வெளியே மாதம் 1,100 பவுண்டு செலவு என்றால் வருடத்துக்குப் பதினாறு லட்சத்தைத் தொடும். விசா, மருத்துவ சர்சார்ஜ், விமானம் எல்லாம் இரண்டரை லட்சம். மொத்தம் ஐம்பது லட்சம், கொஞ்சம் மேலேயே. 11 லட்சம் போக 40 லட்சம் கடன் என்று நீங்கள் போட்ட கணக்கு சரிதான். ஆனால் படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஆறு மாதத்திலும் தவணை கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 12.5 சதவீதத்தில் ஒன்றரை வருடத்துக்குக் குறைந்தது ஏழு லட்சம். ஆக 47 லட்சத்துக்குப் பத்து வருட இஎம்ஐ ஏறக்குறைய 68,800. பர்சனல் லோன் 25,900ஐச் சேர்த்தால் 94,700. இன்று உங்கள் கைக்கு வரும் சம்பளமே 92,000தான். ஞாயிற்றுக்கிழமை டாப்-அப்பும் எடுத்தால் அந்த 25,900 என்பது 34,600 ஆகும், மொத்தம் ஒரு லட்சத்து மூவாயிரம். அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே வேலை கிடைத்துவிடுமே என்பீர்கள். கிடைக்கலாம், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் கன்சல்டன்ட்கள் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. படித்து முடித்தபின் வேலை தேட அங்கே தங்கும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதம்தான். வரும் செப்டம்பரில் சேர்ந்தால் நீங்கள் விண்ணப்பிப்பது 2027 கடைசியில். உங்களுக்குக் கிடைப்பது பதினெட்டு மாதம். அதற்குள் விசாவை ஸ்பான்சர் செய்யும் கம்பெனியில் வேலை பிடிக்க வேண்டும். அதற்கான சம்பள வரம்பு பொதுவாக வருடம் 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400, சில வேலைகளுக்கு இன்னும் கூடும். 33,400 என்றால் வரி போக மாதம் கைக்கு 2,300 பவுண்டு. வாடகை, சாப்பாடு, பஸ் என்று 1,300 போனால் மிச்சம் 1,000 பவுண்டு, அதாவது 1.2 லட்சம். இரண்டு இஎம்ஐயும் கட்டிய பிறகு கையில் 25,000 நிற்கும். இது எல்லாமே சரியாக நடந்தால். படிக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலியில் அது மாதம் ஆயிரம் பவுண்டுச் சொச்சம், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். அந்தப் பணத்தில் ஓசூர் கடைக்கான இஎம்ஐ கட்ட நேர்ந்தால், ஒரு வருட எம்பிஏவில் படிப்புக்கென்று ஒதுக்க நேரமே இருக்காது.

அண்ணன் கோ-அப்ளிகன்ட் ஆவது எனக்குப் பிடிக்கவே இல்லை. டாப்-அப் கேட்பதும் கையெழுத்துப் போடச் சம்மதிப்பதும் ஒரே வாரத்தில் வந்திருப்பதைக் கவனித்தீர்களா? யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது ஒரு பேரம்தான். அதோடு, அவர் கடைக்கு ஏதாவது கடன் இருந்து அதில் ஒரு தவணை தவறினாலும் என்பிஎஃப்சி அவர் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் கடனையே நிறுத்தலாம். நீங்கள் அங்கே தடுமாறினால் அவர் கடைக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடாதீர்கள்.

என் அப்பா பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சக ஊழியர் ஒருவரின் சொசைட்டி லோனுக்கு ஜாமீன் போட்டார். நண்பர் கட்டவில்லை. அப்பா சம்பளத்தில் ஆறு வருடம் பிடித்தார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம், ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மாவின் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொன்னதை நான் ஒதுக்கவில்லை. அண்ணன் உங்களுக்கு ஃபீஸ் கட்டியது உண்மை, அந்த நன்றியும் உண்மை. அப்படியானால் அதற்கு ஒரு தொகையும் ஒரு தேதியும் வையுங்கள். என் யோசனை இதுதான்: மிச்சமிருக்கும் ஒன்பதே முக்கால் லட்சத்தை உங்கள் சேமிப்பிலிருந்தே இப்போது கட்டிக் கடனை மூடுங்கள். பர்சனல் லோனை முன்கூட்டியே மூடினால் ஃபோர்குளோஷர் கட்டணம் இருக்கலாம், எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் போக மீதி ஏறக்குறைய ஒரு லட்சம் நிற்கும். அண்ணனிடம் அதைத் திருப்பிக் கேட்கவே வேண்டாம். "இது நான் உனக்குச் செய்தது, இனி என் பெயரில் கடன் இல்லை" என்று சொல்லுங்கள். அவர் கட்டிய ஃபீஸையும் நீங்கள் கொடுத்ததையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அந்தப் பேச்சு வந்தால் வீடு தாங்காது.

அப்புறம், எம்பிஏவை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் கேட்டால் அடுத்த வருடத்துக்கு இடத்தை மாற்றித் தருகின்றன. டெபாசிட் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். இன்றிலிருந்து 2027 ஆகஸ்ட் வரை பதினெட்டு மாதம் இருக்கிறது. இஎம்ஐ நின்றதால் மிச்சமாகும் 26,000, எஸ்ஐபியில் போகும் 35,000, இரண்டும் சேர்ந்தால் மாதம் 61,000. பதினெட்டு மாதத்தில் 11 லட்சம். அதாவது கிளம்பும்போது கையில் இன்று இருப்பதே இருக்கும், 12 லட்சத்தைத் தொடும்கூட, ஆனால் பர்சனல் லோன் இருக்காது. எஸ்ஐபியை நிறுத்தி அந்தப் பணத்தை எஃப்டியில் போடுங்கள், முதல் மூன்று மாதப் பணம் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தாங்கும்.

தள்ளிப்போடவே முடியாது, இந்த செப்டம்பர்தான் என்றால், அதுவரை சேர்த்துக் கிளம்பும் முன் கடனை மூடுங்கள். அப்போது பாக்கி எட்டரை லட்சம் இருக்கும். கையில் 5 லட்சம்தான் மிஞ்சும், கல்விக் கடன் 46 லட்சமாகும். எனக்கு அது கனமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு கடனோடு போவதைவிட நல்லது.

தோழி சொன்ன வெளிநாட்டுப் பங்கு ஃபண்டைப் பற்றி: 14.5 சதவீதக் கடன் கழுத்தில் இருக்கும்போது, அதை அடைப்பதைவிட உறுதியான லாபம் எந்த ஃபண்டிலும் இல்லை. பதினெட்டு மாதத்தில் எடுக்கப்போகும் பணத்தைப் பங்கில் போடவே கூடாது, அது உள்நாடானாலும் வெளிநாடானாலும். பவுண்டு ஏறும் என்ற பயத்தைக் காட்டி இப்போது விற்கப்படும் பொருள்கள் எனக்கு அலுத்துவிட்டன. என்பிஎஃப்சி கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் ஒற்றைப் பிரீமிய இன்சூரன்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரீமியம் கடன் தொகையிலேயே ஏறி, அதற்கும் பத்து வருடம் வட்டி கட்டுவீர்கள். 50 லட்சத்துக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள், போதும்.

வீட்டு அடமானம்: பி கட்டா வீட்டைப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. அப்பாவுக்கு இருக்கும் ஒரே வீடு, ஏற்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதைவிட, சில பொதுத்துறை வங்கிகள் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அடமானம் இல்லாமலேயே கடன் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கிளையில் நேரில் போய்க் கேளுங்கள், வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்திலும் விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். 10 சதவீதத்தில் பதினைந்து வருடத்துக்குக் கிடைத்தால் இஎம்ஐ ஐம்பதாயிரத்துக்குள் வரும். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் சில வங்கிகள் ஒரு சதவீதம் குறைக்கின்றன. கோ-அப்ளிகன்டாக அப்பாவை, மாடி வாடகை போல ஏதாவது வருமானம் இருந்தால் அதைக் காட்டி, முயன்று பாருங்கள். கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய வரி முறையில் மட்டும்தான் அது உண்டு, அதுவும் இங்கே வரி கட்டும் வருமானம் இருந்தால்தான் பயன்.

அண்ணனுக்கு உண்மையிலேயே 5 லட்சம் வேண்டுமென்றால், கடைக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் ஜிஎஸ்டியும் வைத்து அவர் பெயரிலேயே முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கட்டும். தருண் பிரிவில் 10 லட்சம் வரை உண்டு. கடையின் கணக்கைப் பார்த்து வங்கி மறுத்தால், அந்த மறுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அதை அவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். புது மெஷின் வாங்க வேண்டுமா, இருப்பதை விற்றுச் சின்ன இடத்துக்கு மாற வேண்டுமா என்று அப்போது பேசலாம். அந்தப் பேச்சுக்கு வேண்டிய நேரத்தையும் உழைப்பையும் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மூன்று வேலை. லோன் ஸ்டேட்மென்டைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டாப்-அப் விஷயம் அவருக்கு முழுதாகத் தெரியாது என்று தோன்றுகிறது. பல்கலைக்கழகத்துக்கு இடத்தை மாற்றக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேங்க் ஆப்பில் வந்து நிற்கும் பிரீ-அப்ரூவ்டு டாப்-அப் சலுகை வேண்டாம் என்று வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். 2025 டாப்-அப்பில் நாலரை லட்சம் போயிருக்கிறது. இந்த முறை அண்ணன் வந்து உட்காரும்போது அந்தத் திரை உங்கள் போனில் இருக்கக் கூடாது.