கேள்வி பதில்: ஃபுவா பிரபுவின் வாரிசு

கேள்வி: பிரான்சின் கஸ்தோன் ஃபேபுஸ் சொந்த மகனையே கொன்றாராமே, உண்மையா?

பதில்: கொன்றார் என்றுதான் ஃப்ருவாசார் எழுதுகிறார். 1388-ல் கஸ்தோனின் ஓர்தேஸ் கோட்டைக்கே போய்த் தங்கி விசாரித்த வரலாற்றாசிரியர் அவர். கஸ்தோன் 12 வயதிலேயே தென் பிரான்சின் ஃபுவா பகுதிக்குப் பிரபுவானவர். நவார் நாட்டு இளவரசி ஆக்னஸை மணந்தார், வரதட்சணைத் தகராறில், மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அந்தத் தாயை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. பையன் வளர்ந்து அம்மாவைப் பார்க்கப் போனபோது தாய்மாமன் நவார் மன்னர் சார்ல்ஸ் ஒரு பொடியைக் கொடுத்து, அப்பா சாப்பாட்டில் தூவு, அம்மாவோடு மறுபடி சேர்ந்துவிடுவார் என்றாராம், அது விஷம். விஷயம் தெரிந்ததும் மகனை அடைத்தார் கஸ்தோன். அவன் சாப்பிட மறுத்தான். கோபத்தில் போனவர் கையிலிருந்த சிறு கத்தி கழுத்தில் பட்டு இறந்தான் என்கிறார் ஃப்ருவாசார். நடந்தது 1380.

அப்புறம் கஸ்தோன் வேட்டைக்கலை பற்றி அருமையான நூல் எழுதினார், 1391-ல் கரடி வேட்டை முடிந்து கை கழுவும்போது சரிந்து இறந்தார். மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகன் ஈவானுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, உறவினர் மாத்தியூவுக்குப் போனது. ஈவானும் 1393-ல் பாரிஸ் அரச விருந்தில் வேஷ உடை தீப்பிடித்து மாண்டார்.