பவளக்கல் சுவருக்கு எந்தப் பூச்சு?

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம் எதனால் கட்டப்பட்டது?
– வாசகர், ராமேஸ்வரம்

கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்களால். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரே அழிந்தது. தேவாலயத்தில் கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கல்லில் உள்ள சிறு குழிகளையும் பவளத்தின் பூ வடிவத்தையும் அருகில் போனால் பார்க்கலாம். அந்தச் சுவரில் ஏறவோ கல்லைப் பெயர்க்கவோ கூடாது.

எங்கள் பழைய மாதா கோவிலின் பவளக்கல் சுவரில் சிமென்ட் பூசினோம். இடுப்பளவு வரை உப்புப் பூத்து உதிர்கிறது. மறுபடி பூசலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

சிமென்ட் வேண்டவே வேண்டாம். பவளக்கல் தண்ணீரை உறிஞ்சும் கல். தரையிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சோடு கல்லையும் சேர்த்து உதிர்க்கிறது. பிளாஸ்டிக் பெயின்டும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

முதலில் சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்யுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பூச்சை உப்புக் கறைக்கு மேல் இரண்டடி வரை, சிற்றுளியால் மெதுவாகக் கொத்தி எடுக்கவும். மெஷின் வைத்தால் கல் பிளந்துவிடும். பிறகு காகிதக் கூழும் களிமண்ணும் நல்ல தண்ணீரில் பிசைந்து அரை அங்குலம் அப்புங்கள். காய்ந்ததும் உரித்தால் உப்பும் வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணலைச் சேர்த்தால் உப்பை நாமே சுவருக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும். சுவரை நனைத்த பின், ஒரு படைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான் இறுகும், அதற்கு ஈரம் வேண்டும். நம் கடற்காற்றில் சட்டென்று காய்ந்தால் மாவாகிவிடும். இந்த அவசரத்தில்தான் பல கோவில்களின் வேலை கெடுகிறது. வடகிழக்கு மழை முடிந்த ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும்.

உதிர்ந்த கல்லுக்குப் பதில் கடலிலிருந்து கல் எடுக்கலாமா?
– வாசகர், பாம்பன்

கூடாது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. விழுந்த கல்லையே சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வையுங்கள். போதாத இடத்துக்கு நன்கு நனைத்த செங்கல் போதும். கருங்கல்லும் சிமென்ட் கல்லும் பவளக்கல் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சாததால், பக்கத்துப் பவளக்கல்தான் அரிக்கும்.