புதிதாக வந்த கிளி கூண்டின் மூலையிலேயே ஒடுங்கியிருக்கிறது. காலையும் மாலையும் கத்துகிறது, இரவில் அலகை நறநறவென்று அரைக்கிறது. இது பயமா, நோயா?

நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இயல்பானவையே. காட்டில் கிளிகளை இரையாக்கும் விலங்குகள் உண்டு என்பதால், அறிமுகமில்லாத இடத்தில் அசையாமல் இருப்பதே அவற்றின் தற்காப்பு. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் கிடைக்கட்டும். முதல் சில நாட்கள் கையை உள்ளே நீட்டாமல், அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுவதே போதும். பழகிய தீவனத்தை உடனே மாற்றிவிடாதீர்கள்.

காலை, மாலைக் கத்தலைக் குறும்பு என்று எண்ண வேண்டாம். கூட்டமாக வாழும் பறவையாதலால், விடியும்போதும் அடையும் நேரத்திலும் தன் இனத்தாரை அது குரல்கொடுத்து அழைக்கிறது, நீங்கள் மறைந்ததும் எழுப்பும் கூவலும் "எங்கே இருக்கிறாய்?" என்ற விசாரிப்புதான். அடுத்த அறையிலிருந்தே ஒரு சீழ்க்கையால் பதில் கொடுத்தால், பெரும்பாலும் அமைதியடையும். கூண்டைத் துணியால் மூடித் தண்டிப்பது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை; அது அச்சத்தையே வளர்க்கும்.

உறங்குமுன் அலகை அரைப்பது மனநிறைவின் ஒலி. சீறல் மட்டும் விலகச் சொல்லும் எச்சரிக்கை.

ஆனால் கிளிகள் நோயை மறைப்பதில் வல்லவை. இறகைச் சிலிர்த்தபடியே இருந்தாலும், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலும், ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டாலும் காத்திராமல் பறவை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.