கல்யாண மண்டபத்தின் பழைய டக்டபிள் ஏ.சி.களைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

நீங்கள் கேட்டிருப்பது: மண்டபத்தில் 8.5 டன் டக்டபிள் மெஷின்கள் 6 (டக்ட் என்ற பெரிய காற்றுக் குழாய் வழியாக ஹாலுக்குக் குளிர்காற்று அனுப்பும் வகை). எல்லாம் 14 வருடப் பழசு, குளிரூட்டும் கேஸ் ஆர்-22 என்ற பழைய வகை. ஒன்றில் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர் ஆறையும் மாற்றச் சொல்கிறார். இன்னொரு மெக்கானிக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்.

இரண்டு பேரிடமும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கம்ப்ரசர் ஏன் எரிந்தது? நான் ஏ.சி. சர்வீஸ் வேலையில் இருப்பவன். காரணம் தெரியாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால் அடுத்த முகூர்த்த சீசனிலேயே அதுவும் போகலாம்.

மண்டபங்களில் பெரும்பாலும் கரண்ட்தான் காரணம். மூன்று ஃபேஸில் ஒன்று போன பிறகும் மெஷின் ஓடியிருக்கும். அல்லது கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் இடைவெளியே இல்லாமல் கம்ப்ரசர் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கும். ஜெனரேட்டரில் ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் ஸ்க்ரோல் வகைக் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும். கரகரவென்று சத்தம் வரும், குளிர்ச்சி வராது. இதற்கெல்லாம் ஃபேஸ் கோளாறு வந்தால் மெஷினை நிறுத்தும் ஃபேஸ் ப்ரொடெக்டரும், கரண்ட் வந்து 3 நிமிடம் கழித்தே கம்ப்ரசரை ஓடவிடும் டைமரும் போதும். அந்தச் சின்னச் செலவைச் செய்யாமல் புது மெஷினே வாங்கினாலும் ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

கழற்றிய கம்ப்ரசரின் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்துப்போய், மூக்கைத் துளைக்கும் கருகல் வாடை அடித்தால் உள்ளே அமிலம் சேர்ந்துவிட்டது. அந்த அமிலம் பைப், காயில் (கேஸ் ஓடும் வளைகுழாய்த் தொகுதி) எல்லாவற்றிலும் இருக்கும். உள்ளே கழுவி (ஃப்ளஷ்), ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, நைட்ரஜனில் பிரஷர் டெஸ்ட் பார்த்து, வேக்கூம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். கொட்டேஷனில் இந்த வேலைகள் இல்லையென்றால் விலை குறைவாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

அப்புறம் காயில். வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. பைப்பைப் பற்றவைத்த பிரேசிங் ஜாயிண்டில் கசிந்தால் அடைத்துவிடலாம். கண்டென்சரின் (வெளியே சூட்டை விடும் காயில்) அலுமினியத் தகடுகள், அதாவது ஃபின், விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறதா? கடலோர ஊர்களில் இதை நிறையப் பார்க்கலாம். அந்த மெஷினுக்குப் புதுக் கம்ப்ரசர் போடுவது வீண்.

ஆர்-22 பற்றி: ஓசோனைக் காக்க 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் 2030-க்குப் பிறகு பழைய மெஷின் சர்வீஸுக்கு மட்டும் கொஞ்சம் அனுமதி. பழைய மெஷினில் ஆர்-410ஏ என்ற வேறு கேஸை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதன் அழுத்தம் ஏறக்குறைய 1.6 மடங்கு, ஆயிலும் வேறு.

கரண்ட் பில் மிச்சமாகும் என்று சொல்லித்தான் புது மெஷினை விற்பார்கள். உங்கள் மண்டபத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புது இன்வெர்ட்டர் மெஷின் பழசைவிட 2.5 கிலோவாட் குறைவாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 60 விசேஷம், ஒவ்வொன்றுக்கும் 10 மணி நேரம் என்றால் 600 மணி நேரம், 1,500 யூனிட். வணிக இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் என்றால் ஒரு மெஷினுக்கு வருடம் 15,000 ரூபாய் மிச்சம். சில லட்சம் போட்டு வாங்கும் மெஷினுக்கு இது மிகக் குறைவு. இதே மெஷின் ஜவுளிக்கடையில் வருடத்துக்கு 3,000 மணி நேரம் ஓடினால் மிச்சம் 75,000 ரூபாய். அங்கே தயங்காமல் மாற்றச் சொல்வேன்.

ஆனால் மண்டபத்துக்கு வேறு கவலை இருக்கிறது. வைகாசி முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரம் ஹால் வெந்துகொண்டிருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் நானாக இருந்தால் ஆறையும் ஒரேயடியாக மாற்ற மாட்டேன். ஆறையும் அப்படியே ஓட்டவும் மாட்டேன். எரிந்ததையும், காயில் மோசமாக இருக்கும் இன்னொன்றையும் மாற்றுவேன். கழற்றும்போது நல்ல நிலையில் இருக்கும் ஆர்-22 கேஸை ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் விட வேண்டாம். எரிந்த மெஷினின் கேஸை மட்டும் இதில் கலக்கக் கூடாது, அதில் அமிலம் இருக்கும். ஃபேன் மோட்டார், ப்ளோயர் மோட்டார், காண்டாக்டர் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். மிச்சமுள்ள 4 மெஷின்களுக்கும் இவைதான் ஸ்பேர்.

புது மெஷின் வாங்கும் முன் டக்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் பிய்ந்து, ஜாயிண்டில் காற்று வெளியேறினால் எத்தனை டன் போட்டாலும் மேடை வரை குளிர் போகாது. ஆடியில் முகூர்த்தம் இருக்காது, வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆனியிலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.