கொல்லையில் அல்பாகா வளருமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

நானும் வீட்டுக்காரரும் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு, பூர்வீக நிலத்துக்கே வந்துவிட்டோம். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் அல்பாகா என்ற, ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இனப் பிராணியை வளர்த்து, தோட்டம் போட்டு, குடும்பத்தோடு வாழ்வதைப் பார்த்ததிலிருந்து எங்களுக்கும் ஆசை. நான்கு அல்பாகா வாங்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

வாங்க வேண்டாம். தோட்டமும் ஆடும் பிள்ளைகளுமாக வாழ நினைப்பது நல்ல ஆசை. அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த பிராணிதான் இந்த ஊருக்குப் பொருந்தாது.

அல்பாகா பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலையில், 3500 மீட்டருக்கு மேல் மேய்ந்து பழகியது. பகலில் வெயில் அடித்தாலும் இரவில் அங்கே குளிர் இறங்கிவிடும். அடர்ந்த ரோமம் அந்தக் குளிருக்கானது. நம் செம்மண் பூமியில் சித்திரை, வைகாசியில் இரவும் புழுங்கும். பகலில் ஏறிய உடல்சூடு இறங்க நேரமே கிடைக்காது. அல்பாகா வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தோடு கூட்டுவார்கள். 120க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போகப் போகக் கவனம். 180ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஐப்பசியில் மழைவிட்ட பகலில் 32 டிகிரி செல்சியஸ் என்றால் அது 90 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 80 என்று வைத்தால் 170 வந்துவிடுகிறது. கோடையை மட்டும் சமாளித்தால் போதும் என்று நினைக்க முடியாது. மழைக்காலமும் அதற்குச் சோதனைதான்.

ஆஸ்திரேலியாவில் வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே வெயிலுக்கு முன்பே ரோமத்தைக் கத்தரித்துவிடுகிறார்கள். சூடு தாக்கினால் முதுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நனைந்த ரோமம் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், வயிற்றுப்புறத்தையும் தொடையிடுக்கையும்தான் நனைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஆட்களும், அந்தப் பிராணியைப் பார்த்துப் பழகிய மருத்துவரும் பக்கத்தில் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அல்பாகாவுக்கு வைத்தியம் பார்த்துக் கைப்பழக்கம் உள்ளவர் கிடைப்பது அரிது. உயிருள்ள பிராணியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதியும், வந்திறங்கியதும் தனிமைப்படுத்தலும் வேண்டும். எனவே “ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன்” என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் இரண்டு ஏக்கருக்கு ராமநாதபுரம் வெள்ளை ஆடு சரியாக வரும். இந்த மண்ணிலேயே பிறந்த செம்மறி. கிடா முப்பது கிலோ வரை வரும், பெட்டை இருபது கிலோவுக்குச் சற்று மேல். இதன் ரோமம் நூற்க உதவாது. கம்பளி நூல்தான் வேண்டும் என்றால் நீலகிரிச் செம்மறி உண்டு. அதுவும் மலையில் வாழ்வதுதான்.

எத்தனை ஆட்டில் தொடங்குவது? கொட்டகை, தீவனம் எவ்வளவு?
– வாசகர், தேவகோட்டை

ஆறு பெட்டை, ஒரு கிடா. கணவன், மனைவி இருவர் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு முதல் வருடம் சமாளிக்க இது போதும். இருபது, முப்பது என்று இறங்குகிறவர்களுக்குத் தீவனம் விலைக்கு வாங்கியே கை கடிக்கும்.

வாங்கும்போது கீழ்த்தாடையைத் திறந்து பாருங்கள். நடுவில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. அதுதான் வாங்க ஏற்ற பருவம். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது. கொண்டுவந்த ஆட்டை 21 நாள் தனியே கட்டுங்கள். சந்தையிலிருந்து வரும் நோய் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

பெரிய ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி, குட்டிக்கு ஐந்து. ஆக, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கீற்றுக் கொட்டகை, அதை ஒட்டி இரண்டு மடங்கு திறந்த பட்டி. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் பகல் வெயில் உள்ளே விழாது. தரைக்குச் சரளை மண்ணைக் கெட்டித்துச் சரிவாக வையுங்கள். சிமென்ட் தரை மூத்திரத்தை உறிஞ்சாது. குளம்பு ஊறிப் புண்ணாகும்.

ஓர் ஆட்டுக்கு நாளைக்கு நான்கு கிலோ பசுந்தீவனம். அதில் மூன்றில் ஒரு பங்கு பயறு வகையாக இருக்கட்டும். பத்துச் சென்ட் கம்பு நேப்பியர் புல், ஐந்து சென்ட் வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனப் பயிர், வேலியோரம் அகத்தி போட்டால் ஏழு ஆட்டுக்கு வரும். நேப்பியரை நடவிலிருந்து 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து, நறுக்கிப் போடுங்கள். நீளமாகப் போட்டால் தண்டைத் தள்ளிவிட்டு இலையை மட்டும் தின்னும். சோளத்தட்டையை இளசாக, முழங்கால் உயரத்தில் ஒருபோதும் போடக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு உண்டு, வாடி நிற்கும் பயிரில் இன்னும் அதிகம். பூவெடுத்த பிறகு பயமில்லை.

அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாம். பத்துக் கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு இரண்டரை, கோதுமைத் தவிடு 3 கிலோ 200 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம். ஆட்டுக்கு 200 கிராம் தினமும் போதும். தாது உப்பு செம்மறிக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். மாட்டுக்கானதில் தாமிரம் கூடுதல். செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று ஆடு விழுந்துவிடும்.

செட்டிநாடு அரசு கால்நடைப் பண்ணையிலும், அங்கேயே உள்ள மானாவாரி ஆராய்ச்சி நிலையத்திலும் தீவனப் பயிர் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்டுப் புழுக்கையைக் கத்தரிப் பாத்தியில் போட்டோம். பாத்தி முழுக்கச் சீமைக்கருவேல் முளைக்கிறது. ஏன்?
– வாசகி, ஆத்தங்குடி

உங்கள் ஆடு சீமைக்கருவேல நெற்று தின்கிறது. நெற்று நல்ல இனிப்பு, ஆட்டுக்கு உயிர். விதையின் ஓடு கல் போன்றது. குடலில் ஊறி மேல்தோல் மட்டும் இளகி, முளைக்கத் தயாராக வெளியே வருகிறது. கூடவே எரு வேறு.

நெற்றைப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, விதையும் பொடியாகும்படி மில்லில் அரைத்துத் தீவனத்தில் சேர்ப்பது ஒரு வழி. இல்லையென்றால் புழுக்கையை மக்க வைத்தே போட வேண்டும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாமல் குவித்து, இடையிடையே காய்ந்த சருகு போட்டு, கையில் பிழிந்தால் ஈரம் தெரிந்து சொட்டாத பதத்தில் தண்ணீர் தெளியுங்கள். நடுவில் கடப்பாரையைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவினால் கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் விதை சாகும். ஓரத்தில் சூடு ஏறாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் புரட்டுவதைத் தவறவிட்டால் பாதி விதை பிழைத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் எரு தயார். மழையில் கரையாமல் கீற்றுப் போட்டு மூடுங்கள்.

சென்ட்டுக்கு 100 கிலோ, கடைசி உழவில். “ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்பார்கள். பலன் உடனே தெரியும். நம் சரளைச் செம்மண்ணில் பல இடத்தில் புளிப்புத்தன்மை உண்டு. எரு போட்டும் செடி தேறவில்லை என்றால், மேலும் உரம் கொட்டாமல் மண்ணைப் பரிசோதித்து, சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள்.

மயில் தொல்லை தாங்கவில்லை. தக்காளி நாற்று ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.
– வாசகர், பள்ளத்தூர்

மயிலைப் பிடிக்கவோ விஷம் வைக்கவோ கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாற்றங்காலுக்கு நிழல்வலைக் கூடாரம், நடவுப் பாத்திக்கு ஆளுயரக் கம்பு நட்டு மேலே நைலான் வலை. வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்வில் பறவையும் பாம்பும் சிக்கும். மினுமினுப்பு நாடாவுக்கு மயில் சில நாளில் பழகிவிடும்.

கல்யாணம், கோவில், நோன்பு என்று மாதத்துக்கு நாலு நாள் வீட்டைப் பூட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டை வைத்துக்கொண்டு குடும்ப விசேஷத்துக்குப் போக முடியுமா? மாமனாருக்கு வயது எழுபது.
– வாசகி, கண்டனூர்

முடியும். ஆடு ஈனும் காலத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடாவைத் தனியே கட்டி, ஆடியில் மட்டும் பெட்டையோடு விடுங்கள்; குட்டி மார்கழியில் விழும். ஆடியிலும் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. வீட்டில் ஆள் இருக்கும் மாதத்தில் ஈற்று வந்துவிடுகிறது. மழை ஓய்ந்து புல்லும் இருக்கும். கிடா சேர்க்க இரண்டு வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தை 250 கிராமாக்கினால் பெட்டை நன்றாகப் பருவத்துக்கு வரும். கார்த்திகையில் சினையாட்டுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நோய்க்கான தடுப்பூசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்கும் போகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தொப்புளில் டிங்சர் அயோடின் தொட்டுவிடுங்கள். மார்கழிப் பனிக்கு வாடைக்காற்று அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள்.

மாமனாருக்கு அறுப்பு, சுமப்பு வேலை வேண்டாம். காலையில் ஆடு கொட்டகையை விட்டு வெளியே வரும்போது நின்று பார்ப்பதை அவரிடம் விடுங்கள். எது பின்தங்குகிறது, எது நொண்டுகிறது, எது இரை எடுக்கவில்லை, எதற்குக் கழிசல் என்று பெரியவர்கள் கண் உடனே பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பார்வை ரொம்ப அவசியம். குளம்பழுகலும், பூச்சி கடித்துப் பரவும் நீலநாக்கு நோயும், குடற்புழுவும் அப்போதுதான் வரும். பனி காயும் முன் மேய்ச்சலுக்கு விடக் கூடாது. கண்மாய்க் கரையின் ஈரப்புல்லில் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு ஒட்டியிருக்கும்.

வெளியூர் போகும் நாளுக்கு முந்தின மாலையே தீவனம் நறுக்கி, நிழலில் பரப்பி வையுங்கள். குவித்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஆட்டுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டாரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்: தண்ணீர் எப்போது, தீவனம் எவ்வளவு, கால்நடை மருத்துவரின் போன் எண்.

விசேஷம் முடிந்து மிஞ்சிய சாதத்தையும் பொங்கலையும் பாவமே என்று பட்டியில் கொட்டிவிடுவார்கள். செம்மறி அதை ஆவலாகத் தின்னும். வெந்த சாதம் வயிற்றில் வேகமாகப் புளித்து, அமிலம் பெருகி, மறுநாள் ஆடு தலை தொங்கி, வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். தின்றது தெரிந்ததும் தண்ணீரையும் அடர்தீவனத்தையும் நிறுத்தி, இருபது கிராம் ஆப்பசோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, புரை ஏறாமல் மெதுவாகப் புகட்டி, மருத்துவரை அழையுங்கள். மிஞ்சிய சோறு எருக்குழிக்குப் போகட்டும்.