‘பெரிய ஆரஞ்சு நிறக் கனி (4)’: பரங்கியா, பப்பாளியா?

உங்கள் குறுக்கெழுத்துப் புதிரில் இந்தக் குறிப்புக்கான விடையைப் பப்பாளி என்று மாற்றுங்கள். நீங்கள் நிரப்பிய பரங்கியும் ‘ப’வில் தொடங்கி நான்கு கட்டங்களில் அடங்குவதால்தான் குழப்பம் நேர்ந்து, கடைசிக் கட்டத்தில் முடியும் நெடுக்குச் சொல்லான ‘தச்சரின் கருவி (2)’ பொருந்தாமல் நிற்கிறது. பப்பாளியின் ‘ளி’ அங்கே உளியைத் தந்துவிடும்.

உறுதி செய்ய, நடுக் கட்டங்களைப் பாருங்கள். ‘க்ரீம்’ போன்ற கடன்சொற்களைத் தவிர்த்தால், தமிழ்ச் சொல் எதுவும் ‘ப்’, ‘ங்’ போன்ற புள்ளி எழுத்தில் தொடங்காது. ஆகையால் இரண்டாம் கட்டத்தில் நெடுக்குச் சொல் ஒன்று தொடங்கினால் பப்பாளிக்கும், மூன்றாம் கட்டத்தில் தொடங்கினால் பரங்கிக்கும் இடமில்லை. அகராதியைவிட விரைவாக உதவும் இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறிப்பில் ‘கனிகள்’ என்றிருந்தால் பப்பாளிகளுக்கு ஆறு கட்டங்கள் வேண்டும். வேறு புதிரில் பரங்கியே விடையானால், அதைப் ‘பறங்கி’ என்றும் எழுதுவதுண்டு.